தங்க நானோ துகள் அணியில் ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்குவது: வடிவமைப்பு முதல் அளவீடு வரை முழுமையான வழிகாட்டி

1060 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் விழச் செய்கிறோம். தகட்டின்மேல் 20 நானோமீட்டர் தடிமனில் தங்கத் துகள்கள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. மறுபக்கத்தில் 530 நானோமீட்டரில் மிக மங்கலான பச்சை ஒளி வருகிறது. இரண்டு அகச்சிவப்பு ஃபோட்டான்கள் சேர்ந்து ஒரு பச்சை ஃபோட்டானாகியிருக்கின்றன. இதைத்தான் இரண்டாம் சீரிசை உருவாக்கம் என்கிறோம்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் துகளின் வடிவத்தை மெருகேற்றுவதிலேயே காலத்தைச் செலவிடுகிறார்கள். வடிவம் முக்கியம்தான். ஆனால் துகள்களை எப்படி அடுக்குகிறோம் என்பதற்கும் அதே அளவு நேரம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்லாந்தில் மார்ட்டி கவுரானென் குழுவினர் 2012இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். துகள்கள் அணியில் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஒழுங்கை மட்டும் சற்றே மாற்றிய இரண்டு மாதிரிகளின் இரண்டாம் சீரிசை, 50 மடங்கு வரை வேறுபட்டது. இந்த வழிகாட்டியும் அவர்கள் பயன்படுத்திய வகையான தங்கத் துகள்களையும் அதே 1060 நானோமீட்டர் லேசரையும் உதாரணமாகக் கொண்டே செல்கிறது.

படி 1: சமச்சீரை உடையுங்கள்

ஒளியின் மின்புலம் உலோகத்தின் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. புலம் சிறியதாக இருந்தால் ஆட்டமும் அதே விகிதத்தில் இருக்கும், அதே நிறம்தான் வெளிவரும். புலம் பெரிதாகும்போது அதன் வர்க்கத்துக்கு ஏற்ப இன்னொரு சிறு பகுதி ஆட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. இருமடங்கு அதிர்வெண்ணில் ஆடுவது அந்தப் பகுதிதான்.

இங்கே ஒரு தடை இருக்கிறது. புலத்தின் திசையைத் திருப்பினாலும் அதன் வர்க்கம் மாறாது. ஆனால் பொருளுக்கு மையச் சமச்சீர் (மையத்தின் வழியே தலைகீழாகப் புரட்டினாலும் அதே அமைப்பு) இருந்தால், புலம் திரும்பும்போது எலக்ட்ரான்களின் பதிலும் திரும்பியாக வேண்டும். மாறாமலும் இருக்க வேண்டும், திரும்பவும் வேண்டும் என்றால் அந்தப் பகுதி பூஜ்ஜியமாகத்தான் இருக்க முடியும். தங்கம், வெள்ளி, அலுமினியம் மூன்றின் படிக அமைப்பும் மையச் சமச்சீர் உடையது. ஆகவே உலோகத்தின் உட்பகுதியை நம்பிப் பயனில்லை. பரப்பில்தான் ஒருபக்கம் உலோகம், மறுபக்கம் கண்ணாடி அல்லது காற்று என்று சமச்சீர் உடைகிறது. நமக்கு வேண்டிய ஒளியின் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

பரப்பு மட்டும் போதாது. வட்டமான துகளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கப் பரப்பு உருவாக்குவதை வலப்பக்கப் பரப்பு எதிர்க்குறியில் உருவாக்கி, நேர்த்திசையில் இரண்டும் அழிந்துவிடும். எனவே துகளின் வெளிவடிவமும் சமச்சீரற்றதாக இருக்க வேண்டும். தமிழ் ‘ட’ எழுத்தைப் போல இரண்டு கைகள் செங்கோணத்தில் சேரும் வடிவம், ஆங்கில ‘V’ எழுத்தைப் போன்ற வடிவம், ஒருபக்கம் திறந்த வளையம் ஆகியவை அதிகம் சோதிக்கப்பட்டவை. ஜெர்மனியில் மார்ட்டின் வெகெனர், ஸ்டெஃபான் லிண்டன் குழு 2006இல் திறந்த வளையங்களைக் கொண்டு செய்த சோதனை இதில் ஒரு திருப்புமுனை.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே களைந்துவிடலாம். இரண்டு துகள்களுக்கு நடுவே மிகக் குறுகிய இடைவெளி வைத்தால் அங்கே புலம் பெருகும், இரண்டாம் சீரிசையும் தானாகப் பெருகும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். புலம் பெருகுவது உண்மை. ஆனால் இடைவெளியின் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று எதிர்நோக்கியிருப்பதால் அவற்றின் இரண்டாம் சீரிசை எதிரெதிர்க் குறியில் பிறந்து, தூரத்தில் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. புலச் செறிவு வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும் இடத்தை மட்டும் பார்த்து வடிவத்தைத் தேர்வு செய்யாதீர்கள்.

படி 2: அலைநீளமும் உலோகமும்

தங்கம் துருப்பிடிக்காது, அச்சிடுவது எளிது. ஆனால் ஏறத்தாழ 520 நானோமீட்டருக்குக் கீழே அது ஒளியை வலுவாக உறிஞ்சத் தொடங்கிவிடும். 1060ஐப் பாதியாக்கினால் 530. அதாவது உறிஞ்சும் எல்லையின் வாசலிலேயே நிற்கிறோம். உருவான பச்சை ஒளியில் ஒரு பங்கு துகளுக்குள்ளேயே வீணாகும். 1500 நானோமீட்டருக்கு அருகில் லேசர் கிடைத்தால் அதையே எடுங்கள், 750இல் தங்கம் தொந்தரவு தராது. நீல ஒளியோ புறஊதாவோ வேண்டுமென்றால் அலுமினியம் நல்லது.

துகளின் அளவை அதன் பிளாஸ்மான் ஒத்ததிர்வு, அதாவது உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஒன்றாகச் சேர்ந்து மிக வலுவாக ஆடும் அலைநீளம், தீர்மானிக்கிறது. ‘ட’ வடிவத்துக்கு இரண்டு ஒத்ததிர்வுகள் உண்டு. இரண்டு கைகளின் நடுவே செல்லும் சமச்சீர் அச்சை எக்ஸ் என்றும், அதற்குச் செங்குத்தான திசையை ஒய் என்றும் வைத்துக்கொள்வோம். ஒய் திசையில் மின்புலம் ஆடும்போது மின்னோட்டம் ஒரு கை நுனியிலிருந்து மறுகை நுனி வரை முழு நீளத்துக்கும் ஓடுகிறது, எனவே ஒத்ததிர்வு நீண்ட அலைநீளத்தில் விழும். எக்ஸ் திசையில் இரண்டு கைகளும் ஒன்றாக ஆடுவதால் குறுகிய அலைநீளத்தில் விழும். கை நீளம் 150 முதல் 250 நானோமீட்டர், கை அகலம் 80 முதல் 100, தடிமன் 20 முதல் 30 என்று தொடங்கி, கணினி உருவகிப்பில் திருத்திக்கொள்ளலாம்.

படி 3: அணியின் இடைவெளி

எல்லாவற்றையும்விட இந்தப் படியில்தான் நிதானம் தேவை.

தனித் துகளின் ஒத்ததிர்வு மிக அகலமானது, ஆட்டம் சில அலைகளுக்குள் அடங்கிவிடும். தரக்காரணி (ஒத்ததிர்வின் அலைநீளத்தை அதன் அகலத்தால் வகுத்தால் வரும் எண்) 10ஐத் தாண்டுவதே அரிது. ஆனால் ஒவ்வொரு துகளும் சிதறடிக்கும் ஒளி பக்கத்துத் துகள்களையும் சென்றடைகிறது. அது லேசரின் கட்டத்தோடு (அலை ஏறி இறங்கும் ஒழுங்கோடு) சேர்ந்து வந்தால், தேர் வடத்தை எல்லோரும் ஒரே மூச்சில் இழுப்பது போல அத்தனை துகள்களின் ஆட்டமும் ஒன்றுசேரும். இதுவே அணிக்கோவை ஒத்ததிர்வு. 2004இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஷாட்ஸ் குழுவின் கணக்கீடுகள் இதை முன்னறிவித்தன. 2008இல் சோதனைகள் உறுதிசெய்தன. தங்கத்தால் இதற்குமேல் கூர்மை தர முடியாது என்ற எண்ணத்தைக் கனடாவின் ஒட்டாவா குழு 2021இல் உடைத்தது. அவர்களுக்குக் கிடைத்த தரக்காரணி 2340.

இடைவெளிக்கான கணக்கு எளிது. ஒளி செங்குத்தாக விழும்போது, அலைநீளத்தைச் சுற்றியுள்ள பொருளின் ஒளிவிலகல் எண்ணால் வகுத்தால் எல்லை இடைவெளி கிடைக்கும். 1060ஐ உருகுகண்ணாடியின் 1.45ஆல் வகுத்தால் 731 நானோமீட்டர். ஒத்ததிர்வு இந்த எல்லைக்குச் சற்றே நீண்ட அலைநீளப் பக்கம் உட்காரும் என்பதால் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து 720 வைப்போம். அப்போது எல்லை 1044 நானோமீட்டரில் இருக்கும், ஒத்ததிர்வு 1060ஐ ஒட்டி வரும். தனித் துகளின் ஒத்ததிர்வு இந்த எல்லையைவிடக் குறுகிய அலைநீளத்தில் இருக்கட்டும். மிகவும் தள்ளிப்போனால் இணைப்பு வலுவிழக்கும், மேலேயே விழுந்தால் ஒத்ததிர்வு அகன்றுவிடும்.

எந்தத் திசை இடைவெளி என்பதில் குழம்ப வேண்டாம். ஆடும் இருமுனை (இங்கே எலக்ட்ரான்கள் ஆடும் துகள்) தன் ஆட்டத்துக்குச் செங்குத்தான பக்கத்தில்தான் ஒளியை வீசும். லேசரின் மின்புலம் எக்ஸ் திசையில் என்றால், கவனிக்க வேண்டியது ஒய் திசை இடைவெளி.

அப்புறம், மேலும் கீழும் ஒளிவிலகல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே கண்ணாடி, மேலே காற்று என்று விட்டால் இரண்டு பக்கமும் அலைகள் வேறு வேகத்தில் ஓடி, ஒத்ததிர்வு மங்கிவிடும். பொருத்தமான ஒளிவிலகல் எண் கொண்ட எண்ணெயை ஒரு துளி விட்டு, அதே கண்ணாடியில் ஒரு மூடித் தகடு வைத்தால் போதும்.

எவ்வளவு கூர்மை வேண்டும்? நம் லேசர் ஒளி தொடர்ச்சியாக இல்லாமல் மிகக் குட்டித் துடிப்புகளாக வருகிறது; இதற்கு அந்தத் துடிப்புதான் விடை சொல்லும். 200 ஃபெம்டோவினாடித் துடிப்பின் நிறமாலை அகலம் 1060இல் ஏறக்குறைய 6 நானோமீட்டர். ஒத்ததிர்வு அதைவிடக் கூர்மையானால் துடிப்பின் ஒரு பகுதி வெளியே விழுந்து வீணாகும். அதாவது தரக்காரணி 180ஐ ஒட்டி இருந்தாலே இந்த லேசருக்குத் தாராளம். 2340ஐத் துரத்துவதில் பொருளில்லை.

படி 4: உருவகிப்பு

அடிப்படை அலைநீளத்தில் ஊடுருவல், எதிரொளிப்பு இரண்டையும் முதலில் கணக்கிடுங்கள். எல்லைகளில் அணி திரும்பத் திரும்ப வருவதாக அமைத்தால் ஒரு துகளை மட்டும் உருவகித்தால் போதும். இரண்டாம் சீரிசைக்கு, பரப்புக்குச் செங்குத்தான மின்புலக் கூறின் வர்க்கத்தைப் பரப்பு முழுவதும் ஒளிமூலமாக எடுத்துக்கொள்வது நடைமுறையில் நல்ல தொடக்கம். பிறகு 530 நானோமீட்டரில் எதிர்த்திசையிலிருந்து, அதாவது உணரி இருக்கும் பக்கத்திலிருந்து, ஒளியை அனுப்பி அந்தப் புலத்தையும் கணக்கிட்டு, மூலத்தோடு பெருக்கிப் பரப்பு முழுதும் கூட்டுங்கள். ஒளிமூலமும் உணரியும் இடம் மாறினாலும் விளைவு மாறாது என்னும் லோரன்ஸின் பரிமாற்று விதி இதை அனுமதிக்கிறது. எந்தப் பகுதி ஒளியைக் கூட்டுகிறது, எந்தப் பகுதி அழிக்கிறது என்று இந்தப் பெருக்கத்தொகையில் கண்ணால் பார்க்கலாம். படி 1இல் சொன்ன இடைவெளிப் பிரச்சினை இங்கே உடனே தெரிந்துவிடும்.

படி 5: அச்சிடுதல்

1 மில்லிமீட்டர் சதுரத்தில் 720 நானோமீட்டர் இடைவெளி என்றால் ஏறத்தாழ 19 லட்சம் துகள்கள். அத்தனையும் எலக்ட்ரான் கற்றை அச்சில் எழுதப்பட வேண்டும். தகட்டைச் சுத்தம் செய்து, பி.எம்.எம்.ஏ. பாலிமரை (எலக்ட்ரான் கற்றை பட்ட இடம் பிறகு கரைந்துபோகும் பூச்சு) சுழற்றிப் பூசி, சூடாக்கி உலர்த்துங்கள். கண்ணாடி மின்சாரம் கடத்தாது; கற்றையின் எலக்ட்ரான்கள் தேங்கி உருவம் இழுபட்டுவிடும். மேலே ஒரு கடத்தும் பாலிமர்ப் படலம் பூசினால் அது தீரும், எழுதி முடித்ததும் நீரில் கழுவிவிடலாம்.

எழுதியதை உருத்துலக்கி, ஆவியாக்கல் முறையில் தங்கம் படியவைத்து, அசிட்டோனில் ஊறவைத்தால் பாலிமரோடு தேவையற்ற தங்கமும் உரிந்துவரும். தங்கம் கண்ணாடியில் ஒட்டுவதற்காகப் பூசும் குரோமியம் அல்லது டைட்டானியம் அடிப்படலம் பிளாஸ்மானைத் தணிக்கும். ஓரிரு நானோமீட்டருக்கு மேல் வேண்டாம், இரண்டில் டைட்டானியமே மேல்.

செங்கோணத்தின் உள்மூலையை உருப்பெருக்கியில் கட்டாயம் பாருங்கள். கற்றை இரண்டு கைகளையும் எழுதும்போது மூலையில் எலக்ட்ரான் அளவு கூடி, அங்கே தங்கம் திரண்டு நிற்கும். செங்கோணம் மழுங்கி முக்கோணம் போலாகிவிடும். இதைத் தவிர்க்க ஒரே தகட்டில் பல எலக்ட்ரான் அளவுகளில் சிறு அணிகளை எழுதி, நன்றாக வந்ததைத் தேர்ந்தெடுத்துப் பெரிய அணியை எழுதுங்கள்.

படி 6: முதலில் வெள்ளை ஒளி

லேசரைத் தொடுமுன் தளவிளைவுற்ற (மின்புலம் ஒரே திசையில் ஆடும்) வெள்ளை ஒளியில் மறைப்பு நிறமாலையை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி தடுக்கப்படுகிறது என்பதை, எடுங்கள். எக்ஸ், ஒய் இரண்டு திசைகளிலும். ஒத்ததிர்வு எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று தெரியாமல் இரண்டாம் சீரிசையை அளப்பது வீண்வேலை. ஒத்ததிர்வு 20 நானோமீட்டர் தள்ளி வந்திருந்தால், கை நீளத்தை மாற்றி மறுபடி அச்சிடுவதற்கு முன் எண்ணெயை மாற்றிப் பாருங்கள்.

படி 7: லேசர் அமைப்பு

82 மெகாஹெர்ட்ஸ், 200 ஃபெம்டோவினாடி, சராசரி 100 மில்லிவாட் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு துடிப்பின் ஆற்றல் 1.2 நானோஜூல், உச்சத் திறன் ஏறத்தாழ 6 கிலோவாட்.

கற்றையின் பாதையில் வரிசை இதுதான்: திறனைக் கட்டுப்படுத்தும் அரை அலைத் தகடும் தளவிளைவாக்கியும், தளவிளைவுத் திசையைச் சுழற்ற இன்னொரு அரை அலைத் தகடு, குவிக்கும் லென்ஸ், அதற்குப் பின் மாதிரிக்குச் சற்று முன்னால் நீண்ட அலைநீளத்தை மட்டும் விடும் ஃபில்டர். இந்தக் கடைசி ஃபில்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லென்ஸும் தகடுகளும்கூட நுண்ணிய அளவில் பச்சை ஒளியை உருவாக்கும், அதை மாதிரிக்கு முன்பே நிறுத்த வேண்டும். மாதிரிக்குப் பின் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர், 530ஐ மட்டும் விடும் குறுகிய ஃபில்டர், பகுப்பாய்வுத் தளவிளைவாக்கி, கடைசியில் மிக மங்கலான ஒளியையும் உணரும் ஒளிப்பெருக்கிக் குழாய்.

குவிப்பில்தான் சாதாரண உள்ளுணர்வு ஏமாற்றும். இரண்டாம் சீரிசை ஒளிச்செறிவின் வர்க்கத்தில் வளர்வதால், எவ்வளவு இறுக்கமாகக் குவிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். அணிக்கோவை ஒத்ததிர்வுக்கு இது பொருந்தாது. மாதிரி 1 டிகிரி சாய்ந்தாலே 720 நானோமீட்டர் அணியின் எல்லை, சாய்ந்த திசையில் இருபுறமும் ஏறக்குறைய 12.5 நானோமீட்டர் பிரிந்து நகர்ந்துவிடும். 50 மைக்ரோமீட்டர் விட்டத்துக்குக் குவித்தால் கற்றையின் விரிகோணம் அச்சிலிருந்து 0.8 டிகிரி அளவுக்கு வரும். ஒத்ததிர்வு முழுக்கக் கரைந்துபோகும். 200 மைக்ரோமீட்டர் விட்டம் என்றால் 0.2 டிகிரிக்குள் அடங்கும், நகர்வும் 2.5 நானோமீட்டருக்குள் நிற்கும். நீண்ட குவியத்தூர லென்ஸ் எடுங்கள், மாதிரியிலிருந்து திரும்பும் எதிரொளி வந்த வழியே செல்லும்படி நிறுத்துங்கள்.

எவ்வளவு ஒளி கிடைக்கும்? மாற்றத்திறன் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால்கூட, 100 மில்லிவாட்டுக்கு 1 பிக்கோவாட். அது வினாடிக்கு 27 லட்சம் பச்சை ஃபோட்டான்கள்; ஃபோட்டான் எண்ணும் கருவிக்கு வசதியான அளவு.

720 நானோமீட்டர் இடைவெளி 530 நானோமீட்டர் ஒளிக்கு ஒரு விளிம்பு விளைவுக் கீற்றணி (ஒளியைப் பல திசைகளில் பிரித்து அனுப்பும் அமைப்பு) என்பதையும் நினைவில் வையுங்கள். பச்சை ஒளியின் ஒரு பகுதி நேராக வராமல் காற்றில் 47 டிகிரிக் கோணத்தில் நான்கு பக்கமும் போகும். நேர்த்திசையை மட்டும் அளந்துவிட்டு மொத்தத் திறன் என்று எழுதக் கூடாது.

படி 8: இது அதுதானா?

1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழு 694.3 நானோமீட்டர் ரூபி லேசரை குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி 347.2 நானோமீட்டர் ஒளியைப் பெற்றது. அந்த ஒளி புகைப்படத் தகட்டில் ஒரு சிறு புள்ளியாகப் பதிந்திருந்தது. அச்சான கட்டுரையின் படத்தில் அம்புக்குறி மட்டும் இருந்தது, அது காட்டிய புள்ளி இல்லை. அழுக்கு என்று நினைத்து அச்சுவேலையில் நீக்கிவிட்டார்கள். மங்கலான ஒளியைப் பற்றிய உரிமைகோரலுக்குப் படம் போதாது, சோதனைகள் வேண்டும்.

திறனை 10 மடங்கு குறைத்தால் சைகை 100 மடங்கு குறைய வேண்டும். மடக்கை வரைபடத்தில் சாய்வு 2. குறைத்துக்கொண்டே போனதுபோல மறுபடி கூட்டிக்கொண்டும் அளவிடுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் துகள்கள் உருகி உருவம் மாறிவிட்டன. அந்த இடத்தை விட்டு நகருங்கள், திறனைக் குறையுங்கள்.

நிறமாலை 530இல், சுமார் 2 நானோமீட்டர் அகலத்தில் இருக்க வேண்டும். தங்கம் இரண்டு ஃபோட்டான்களை உறிஞ்சித் தானாக ஒளிர்வதும் உண்டு. அதன் சாய்வும் 2ஐ ஒட்டி வரக்கூடும் என்பதால் சாய்வை மட்டும் நம்பக் கூடாது. அந்த ஒளிர்வு மிக அகலமான நிறமாலையாகப் பரவியிருக்கும். வேறுபடுத்த அதுவே வழி.

மாதிரியை நகர்த்தி வெறும் கண்ணாடியில் அளவிடுங்கள். எல்லாத் திசையிலும் ஒரேமாதிரியான பரப்பு, செங்குத்தாக விழும் ஒளிக்கு இரண்டாம் சீரிசை தராது. அங்கேயும் சைகை வந்தால் ஃபில்டரில்தான் ஓட்டை. மாற்றத்திறனைத் திட்டவட்டமான எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால் அதே அமைப்பில் மெல்லிய குவார்ட்ஸ் தகட்டை வைத்து ஒப்பிடுங்கள்.

படி 9: தளவிளைவு சொல்லும் கதை

நம் துகளுக்கு எக்ஸ் அச்சு ஒரு கண்ணாடிச் சமச்சீர்க் கோடு. ஆகவே இரண்டு லேசர் ஃபோட்டான்கள், ஒரு பச்சை ஃபோட்டான் ஆகிய மூன்றின் திசைகளில் ஒய் என்ற குறி இரட்டைப்படையாக (ஒன்றுமே இல்லாமல் அல்லது இரண்டு முறை) வரும் சேர்க்கைகள் மட்டுமே அனுமதி பெறும். லேசர் எக்ஸ் என்றால் பச்சை எக்ஸ். லேசர் ஒய் என்றாலும் பச்சை எக்ஸ்தான். லேசர் இரண்டுக்கும் நடுவே இருந்தால் பச்சை ஒளிக்கு ஒய் கூறும் கிடைக்கும். லேசர் ஒய், பச்சை ஒய் என்பது தடைசெய்யப்பட்ட சேர்க்கை.

அந்தத் தடைசெய்யப்பட்ட சைகையைக் கட்டாயம் அளந்து பதிவு செய்யுங்கள். அது பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் ஒரு கை மற்றதைவிடத் தடித்திருக்கிறது, அல்லது விளிம்புகளில் தங்கப் பிசிறுகள் இருக்கின்றன என்று அர்த்தம். வெள்ளை ஒளி நிறமாலையில் கண்ணில் படாத அச்சுக் குறைகளை இது காட்டிக்கொடுக்கும்.

படி 10: இனி அடுக்கை மாற்றுங்கள்

இதுவரை எல்லாத் துகள்களும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. சமச்சீரான எளிய தங்கக் கம்பிகளைத் துகள்களுக்கு இடையே சேர்த்துப் பாருங்கள். கம்பிகள் தாமாக இரண்டாம் சீரிசை தருவதில்லை. ஆனால் கவுரானென் குழு 2013இல் காட்டியபடி, அவை அணி முழுவதும் நடக்கும் கொடுக்கல் வாங்கலை மாற்றி, ‘V’ வடிவத் துகள்களின் மீது விழும் புலத்தைக் கூட்டுகின்றன. துகளைத் தொடாமலேயே பச்சை ஒளி கூடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

அடுத்தது ஒளியலையின் கட்டம். துகளை 180 டிகிரி திருப்பி வைத்தால் சாதாரண ஒளிக்கு எந்த மாற்றமும் தெரியாது, நிறமாலை அப்படியே இருக்கும். ஆனால் அதன் இரண்டாம் சீரிசை எதிர்க்குறியில் வரும். டெல் அவிவில் டால் எலென்போகன் குழு 2015இல் திறந்த வளையங்களை இப்படித் திருப்பித் திருப்பி அடுக்கி, புதிதாகப் பிறக்கும் ஒளியை வேண்டிய திசைக்கு அனுப்பிக் காட்டியது. நீங்கள் தொடங்க எளிய வழி பட்டைகள்: 5 மைக்ரோமீட்டர் அகலத்துக்கு நேராக நிற்கும் துகள்கள், அடுத்த 5 மைக்ரோமீட்டருக்குத் திருப்பிய துகள்கள். மொத்தச் சுழற்சி 10 மைக்ரோமீட்டர் என்பதால் பச்சை ஒளி நடுவிலிருந்து விலகி இருபுறமும் 3 டிகிரியில் வர வேண்டும். நடுவில் கணிசமான ஒளி மிஞ்சினால் இரண்டு வகைப் பட்டைகளிலும் துகள்களின் எண்ணிக்கை சமமாக இல்லை. 5 மைக்ரோமீட்டர் 720 நானோமீட்டரால் மீதமின்றி வகுபடாது, எனவே பட்டையின் அகலத்தை 7 துகள்கள் என்று எண்ணிக்கையில் கொடுத்து எழுதும் கோப்பைத் திருத்துங்கள்.